மேலேறும் வண்டிக்கு வழி

(சித்தேரி மலையில் ஊர்ப் பொதுமக்கள் முன்னிலையில், ஓய்வுபெற்ற ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் அரூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வண்டி மலையைப் பிடித்த பிறகு, ஒரு வளைவில் எதிரே பிக்கப் ஒன்று இறங்கி வந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் ஓட்டி வந்த பையன் ஹாரன் அடிக்கவில்லை, லைட்டைப் போட்டுக் காட்டவில்லை. ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தி, கையை வெளியே நீட்டி "வாங்க" என்று ஆட்டினான். எங்கள் டிரைவர் தலையை அசைத்துவிட்டு ஏறிப் போனார். இரண்டு பேரும் இதை ஒரு பெரிய காரியமாக நினைக்கவில்லை. ஆனால் நான் 27 வருஷம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்தவன். எனக்கு அது பெரிய காரியமாகத்தான் பட்டது.

ஏனென்றால் அது சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில், மலைப் பாதையிலும் செங்குத்துச் சாலையிலும் இரண்டு வண்டி தாராளமாக விலக இடமில்லாவிட்டால், இறங்கி வருகிற வண்டி ஓரம் கட்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலும் இதே சங்கதி உண்டு. எல்.எல்.ஆர். பரீட்சையில் இது வாடிக்கையாக வருகிற கேள்வி. கீழே தருமபுரியிலும் சேலத்திலும் டிகிரி படித்த பிள்ளைகள் இதற்குத் தப்பாக விடை எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்குகிற வண்டியை நிறுத்துவது கஷ்டம், அதனால் அதற்குத்தான் வழி என்று தர்க்கம் பேசுவார்கள். பாரம் ஏற்றி ஏறுகிற வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த விதியின் அருமை தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஓட்டுநர் தேர்வில் இன்ஸ்பெக்டர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி ஒரு பட்டியலே போடுகிறது. அதில் ஒன்று, இறக்கத்தில் வரும்போது சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும். இன்னொன்று, செங்குத்து ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைத் துளியும் பின்னால் உருளவிடாமல் கிளப்ப வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் இதைப் பழக மேம்பாலம் தேடிப் போகிறார்கள். உங்களுக்கு வீட்டு வாசலே மேம்பாலம்.

ஒரு மணி நேரம் கழித்து அதே பிக்கப் இங்கே வந்து நின்றது. மேடை போட நாற்காலி இறக்கினான் அந்தத் தம்பி. பக்கத்தில் போய், "லைசென்ஸ் வெச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். "எடுக்கணும்ங்கய்யா" என்றான். எத்தனை வருஷமாக எடுக்கணும் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். இந்த மலையில் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பஞ்சமில்லை. காகிதத்தில் அவன் இல்லை, அவ்வளவுதான் குறை.

லைசென்ஸ் என்றால் ஓட்டத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி என்று நினைக்கிறோம். அது பிற்பாடு வந்த வழக்கம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மோட்டார் வண்டியைச் செய்து தெருவில் ஓட்டியபோது, சத்தமும் நாற்றமும் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர் 1888-ல் அதிகாரிகளிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கினார். உலகத்தின் முதல் ஓட்டுநர் உரிமம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவருக்குத் தேர்வு வைக்க யாருக்கு யோக்கியதை? வண்டியைச் செய்தவரே அவர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் மனைவி பெர்தா அம்மா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டர் தூரம். வழியில் மேடு வந்தால் வண்டி ஏறாது, பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் பட்டை போட்டுக்கொண்டார். திரும்பி வந்து கணவரிடம் சொன்ன முதல் யோசனை, மேடு ஏறுவதற்கு இன்னொரு கீழ் கியர் வேண்டும் என்பது. பாருங்கள், பிரேக் லைனிங்கும் கீழ் கியரும் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்த ஒரு பெண்ணால் வந்தவை. அனுமதிக் காகிதம் மட்டும் புருஷன் பேரில் இருந்தது. இந்தப் பக்கம் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தில் 1904 தொடங்கி லைசென்ஸ் கட்டாயம். விலை ஐந்து ஷில்லிங். தேர்வு கிடையாது. பணம் கட்டினால் சீட்டு. கட்டாயத் தேர்வு வந்தது 1935-ல்தான். முப்பது வருஷம் அந்தச் சீட்டு ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது. வண்டி யார் மீதாவது மோதினால், ஓட்டியவன் இன்னார் என்று சொல்லிற்று. நம் நாட்டில் 1914, 1939, 1988 என்று மூன்று சட்டங்கள் மாறிவிட்டன, தேர்வு, வகுப்பு, பேட்ஜ் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிவேர் அதுதான்: இவன் இன்னான்.

மலைக்காரர்களுக்குச் சிக்கலே அங்கேதான். எட்டு போடுவதில் யாரும் தோற்பதில்லை. பேரில் தோற்கிறார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். ஒருவர் பெயர் சின்னப்பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் ஒரே மனிதர். ஆதார் எடுக்க வந்த பையன் ஆங்கிலத்தில் எஸ் போட்டு ஆரம்பித்திருப்பான். பள்ளிக்கூட வாத்தியார் சி, எச் போட்டிருப்பார். ரேஷன் கார்டில் ஒரு 'ப்' குறைந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். இனிஷியல் முன்னால் இருந்தால் ஒரு ஆள், பின்னால் இருந்தால் வேறு ஆள், அப்பா பேரை முழுசாக விரித்திருந்தால் இன்னொரு ஆள். பிறந்த தேதி அதைவிட. பள்ளியில் சேர்க்கும்போது "ஆடி மாசம், மழை பெஞ்ச வருஷம்" என்று தாத்தா சொல்லியிருப்பார். தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் தோதாக ஒரு தேதி போட்டிருப்பார். ஆதாரில் ஜனவரி 1. இந்த மலையில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள். அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடினால் ஊருக்கே கேக் வெட்டலாம்.

இதை எப்போது சரிசெய்வது? லைசென்ஸுக்குப் போடுவதற்கு முன்னால். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆதாரைச் சரிபண்ணுங்கள், பிறகு மற்றவை. ஆதாரிலும் கணக்கு இருக்கிறது. பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். முகவரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டும்போது, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பள்ளிச் சான்று எந்த எழுத்தில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அழகான ஸ்பெல்லிங் எது என்று அங்கே ஆராய்ச்சி வேண்டாம்.

அடுத்தது போன் நம்பர். நான் பார்த்த வரைக்கும் லைசென்ஸ் வேலை அதிகமாக நின்றுபோகிற இடம் இதுதான். ஆதாரில் கொடுத்த நம்பர் எட்டு வருஷம் முன்னால் திருப்பூர் போன மச்சானுடையது. அவன் அந்த சிம்மைத் தூக்கிப்போட்டு நாளாயிற்று. ஓ.டி.பி. எங்கேயோ யாருக்கோ போகிறது. ஒரு பையன் என்னிடம் சொன்னான், "ஓ.டி.பி. வந்துச்சுங்கய்யா, ஆனா பாறை மேல ஏறினாத்தான் சிக்னல் வருது, நான் எறங்கி வந்து சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு." நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

சரி, பேரும் நம்பரும் சரியாகிவிட்டன. இனி நடைமுறை. அதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. படிவம் 2 என்று ஒரே படிவம். புது எல்.எல்.ஆர்., லைசென்ஸ், புதுப்பித்தல், தொலைந்தால் நகல், முகவரி மாற்றம், பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அதுதான், பொருத்தமான கட்டத்தில் டிக் போட்டால் போதும். உடல் தகுதிக்குப் படிவம் 1-ல் நீங்களே கையெழுத்துப் போடலாம். 40 வயது தாண்டியவரும் போக்குவரத்து வாகனம் ஓட்டுகிறவரும் 1-ஏ படிவத்தில் டாக்டரிடம் வாங்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து எல்.எல்.ஆருக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.150, அதன் தேர்வுக்கு ரூ.50. பிறகு ஓட்டுத் தேர்வுக்கு ரூ.300, கார்டுக்கு ரூ.200. சேவைக் கட்டணம் தனி. இதற்கு ஐயாயிரம், ஏழாயிரம் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் தொழிலில் இருந்தவர்களும் அதில் உண்டு, மறைக்க மாட்டேன். வண்டி கற்றுக்கொடுக்கக் காசு வாங்குவது நியாயம். ஓட்டத் தெரிந்தவனிடம் படிவம் நிரப்பிக்கொடுத்ததற்கு ஒரு மாதக் கூலியைப் பிடுங்குவது வேறு கதை.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். இங்கே பலர் எல்.எல்.ஆரையே லைசென்ஸாக நினைத்துக்கொண்டு அதை லேமினேட் பண்ணிப் பர்ஸில் வைத்திருக்கிறீர்கள். அது பழகுவதற்கான சீட்டு. கார் என்றால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும்.

தேர்வுக்குத் தருமபுரிக்கோ அரூருக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு மாற்று வழி இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டரைக் கண்டு பயப்படாதீர்கள். அவர் பார்ப்பது நீங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதை அல்ல. எட்டு போடும்போது நம் மலைப் பையன்கள் ஒரே ஒரு தப்புதான் செய்வார்கள். கீழே முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். பார்வை எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். அடுத்த திருப்பத்தைப் பாருங்கள், கால் தானாக மேலேயே நிற்கும். இங்கே வளைவுகளில் அப்படித்தானே ஓட்டுகிறீர்கள்? அங்கே மட்டும் ஏன் தலை குனிகிறது? ஆபீஸ் வாசலைத் தாண்டினதும் நமக்கெல்லாம் தலை குனிந்துவிடுகிறது, அதுதான்.

2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டைக் கையில் கொடுப்பதில்லை, விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வரும். இடைத்தரகர் தொல்லைக்கு நல்லது. ஆனால் கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத வளவுக்குத் தபால் எப்படி வரும்? முகவரி எழுதும்போது வளவின் பேரோடு நிறுத்தாதீர்கள். அப்பா பேர், வளவு, சித்தேரி, தபால் நிலையம், பின்கோடு, எல்லாம் வேண்டும். வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முகவரி சரியில்லை, ஆள் இல்லை என்று திரும்பிப் போனால் கார்டு மறுபடி ஆபீஸுக்குப் போய்விடும். அதைத் திரும்ப வரவழைக்க நீங்கள் அலைய வேண்டும்.

இப்போது பெரியவர்கள் விஷயம். பன்னிரண்டு வருஷம் முன்னால் இந்த மலைத்தொடரிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். லாரியில் கிளீனர். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் சொல்லிக்கொடுக்கிற வண்டியை அவரிடம் கொடுத்து, ரெண்டு புளிய மரத்துக்கு நடுவில் ரிவர்ஸில் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரே மூச்சில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினார். எனக்கே அது வராது. ஆனால் அவருக்குப் போக்குவரத்து வாகன உரிமம் கிடையாது. எட்டாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. ராத்திரி முழுக்க லாரியை அவர்தான் ஓட்டினார். எட்டாவது படித்த டிரைவர் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். செக்போஸ்ட் வந்தால் எழுப்பி இடம் மாறிக்கொள்வார்கள். சம்பளம் கிளீனர் சம்பளம்.

2019 மே மாதம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உரிமமே கொடுக்கக் கூடாது, கொடுத்ததையும் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மாதமே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வேறு பக்கம் திரும்பியது. ஹரியானாவில் மேவாத் என்று ஏழைப் பகுதி. அங்கே படிப்பு கிடையாது, வண்டி ஓட்டுவதுதான் பிழைப்பு. எட்டாம் வகுப்பு விதியிலிருந்து விலக்கு கொடுங்கள் என்று அந்த மாநிலம் கேட்டது. விலக்கு கொடுப்பதற்குப் பதிலாக விதியையே எடுத்துவிடுகிறோம் என்று அமைச்சகம் முடிவெடுத்தது. நாட்டில் கிட்டத்தட்ட 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்றும் அதுவே சொன்னது. அந்த ஆண்டே விதி நீங்கியது.

இன்றைக்கும் "நான் எட்டாவது படிக்கலைங்க" என்று ஒதுங்கி நிற்கிறவர்களை இந்தப் பக்கத்தில் பார்க்கிறேன். மேவாத்காரனுக்குக் கேட்டது நமக்குக் கேட்கவில்லை. அண்ணன்மார்களே, அந்த விதி போயிற்று. எல்.எல்.ஆர். தேர்வு தமிழிலேயே உண்டு, பெரும்பாலும் படம் பார்த்துச் சொல்வது, நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். ஆனால் நீதிபதி சொன்னதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னங்களைப் பேத்தியிடமோ பேரனிடமோ உட்கார்ந்து ஒரு வாரம் படியுங்கள்.

பிக்கப், குட்டி யானை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டலாமா, பேட்ஜ் வேண்டாமா என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதைச் சொல்லித்தான் கையை விரித்தன. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகுரக உரிமம் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அதை எதிர்த்துப் போனார்கள். 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. குட்டி யானையும் பிக்கப்பும் அந்த எடைக்கு வெகு கீழே. அதற்கு மேற்பட்ட லாரி, பஸ் ஓட்ட வேண்டுமென்றால் 20 வயது ஆக வேண்டும், இலகுரக உரிமம் ஒரு வருஷமாவது கையில் இருந்திருக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கிருந்து ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகிறேன் என்று புரோக்கர் வந்து நிற்கிற வீடுகள் இருக்கின்றன. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் சுடப்பட்ட 20 பேரில் தருமபுரி மாவட்டத்து மலைக்காரர்களும் இருந்தார்கள். அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவனிடம் அந்தப் புரோக்கர் பேச்சு எடுபடாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

போலீஸுக்குப் பயந்துதான் லைசென்ஸ் என்றால், இந்த மலையில் யாரும் எடுக்க மாட்டீர்கள். உரிமம் இல்லாமல் ஓட்டினால் ரூ.500 என்று இருந்ததை 2019 திருத்தம் ரூ.5,000 ஆக்கியது. வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே ரூ.5,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய அபராதங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டினால் பெற்றவருக்கு ரூ.25,000 அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதெல்லாம் பெரிய தொகைதான். ஆனால் நான் பயப்படுவது இதற்கல்ல.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் கட்டும்போது, சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு தொகையும் கட்டுகிறீர்கள். 2018-லிருந்து அந்தக் காப்பு ரூ.15 லட்சம். வண்டிக்காரர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு வர வேண்டிய பணம். அதில் முக்கியமான நிபந்தனை: ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். பிரீமியம் கட்டியாயிற்று, ஆள் போயாயிற்று, கார்டு இல்லை. அந்தப் பதினைந்து லட்சத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டு வருகிறோம்.

நீங்கள் ஓட்டிப் போய் வேறு ஒருவர் மீது மோதிவிட்டால்? இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு, ஓட்டியவனுக்கு உரிமம் இல்லை என்று சொல்லி அந்தப் பணத்தை வண்டி உடையவரிடமிருந்து வசூலிக்கும். கோர்ட்டே அதற்கு வழி சொல்லித் தீர்ப்பு எழுதுகிறது. ஆடு, மாடு, பட்டா நிலம், எது இருக்கிறதோ அதன் மேல் வரும்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது இதைவிடக் கொடுமை. 2022 ஏப்ரல் தொடக்கத்தில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் கோயிலுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நம்மைப் போன்ற மலைக்காரர்கள், நம் உறவுமுறைக்காரர்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும், எத்தனை லைசென்ஸ் இருந்தாலும் அந்த வழக்கில் உதவாது. பஸ் இல்லாத வளவுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முடியாமல் போனவரைத் தூளி கட்டித் தூக்கி வந்த ஊர் இது, பிக்கப் வந்ததே பெரிது என்பது எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியைப் பஸ் விடுகிறவர்களிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கல்யாணத்துக்கு முப்பது பேரை நிற்க வைத்துக்கொண்டு வளைவில் திருப்புவதற்கு அது பதிலாகாது.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் "நமக்கென்ன" என்று இருக்கிறீர்கள். எடுத்துத் தேதியைப் பாருங்கள். இப்போதைய சட்டப்படி 30 வயதுக்கு முன் எடுத்தால் 40 வயது வரைக்கும் செல்லும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் எடுத்தால் பத்து வருஷம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வரை, அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷம். போக்குவரத்து வாகனத்துக்கு எந்த வயதிலும் ஐந்து வருஷம். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி எட்டு போட வேண்டும்.

நான் போட்டிருக்கிறேன். ஆயிரம் பேருக்கு எட்டு சொல்லிக்கொடுத்தவன், என் லைசென்ஸ் முடிந்ததைக் கவனிக்கவில்லை. பையோடு பஸ்ஸில் தொலைந்தபோதுதான் தேதியே நினைவுக்கு வந்தது. நான் போக வேண்டியிருந்தது வேறொரு மாவட்டத்து அலுவலகத்துக்கு. மூன்று நடை நடந்தேன். முதல் நடையில் என் பழைய புத்தக லைசென்ஸ் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள், சின்னப் புத்தகம், உள்ளே போட்டோ, அதன் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக நீல முத்திரை, மசியால் எழுதிய வகுப்புகள். சட்டைப் பை வியர்வையில் ஓரமெல்லாம் மஞ்சளாகி, என் முகம் மட்டும் இருபத்திரண்டு வயதிலேயே நின்றிருக்கும். அதன் நகல் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்ததால் தப்பித்தேன். இப்போதும் புத்தகமாக வைத்திருப்பவர்கள் அதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு ஆபீஸில் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். கார்டு தொலைந்தால் காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, படிவம் 2-ல் நகலுக்குப் போடலாம். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாஹனிலும் இருக்கும் லைசென்ஸ் சட்டப்படி செல்லும். அதைக் காட்டச் சிக்னல் வேண்டுமே என்பீர்கள். கீழே சிக்னல் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தாய்மார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் ரூ.25,000 வரை என்று அரசு அறிவித்தபோது, எல்.எல்.ஆர். எடுக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்ததை நான் பார்த்தேன். மாமியார், மருமகள் இரண்டு பேரும் ஒரே நாளில் எட்டு போட்டார்கள். மருமகள் காலை ஊன்றிவிட்டாள், மாமியார் பாஸ். இந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த பெண்கள் கை தூக்குங்கள் என்றால் பத்துப் பதினைந்து கை தெரிகிறது. லைசென்ஸ் இருக்கிறவர்கள் மட்டும் என்றால் மூன்று. சரி, பென்ஸ் அம்மாவுக்கும் இல்லை, நீங்கள் மட்டும் என்ன செய்வீர்கள்.

பேசினது போதும். பஞ்சாயத்துத் திண்ணையில் ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். பையில் படிவங்கள் இருக்கின்றன, பேனாவும் இருக்கிறது. ஆதார், பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு மூன்றையும் கொண்டு வந்தவர்கள் வரிசையில் வாருங்கள். இன்றைக்கு விண்ணப்பம் போட வேண்டாம். மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று மட்டும் பார்ப்போம். மாறியிருப்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுக்கிறேன். கடைசி பஸ் கிளம்புகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். பிக்கப் தம்பி, நீ முதலில் வா.